புதன்கிழமையே முடிந்துபோன சனிக்கிழமை

மும்பையில் மழைக்காலத்துப் புதன்கிழமை ஒன்று. ஐரோலியிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் செம்பூர் வந்து சேர்வதற்குள் என் துப்பட்டா ஒருமுறை நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்திருந்தது. செருப்பை வாசலில் உதறிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது.

ஃபிரிட்ஜ் கதவில் என் மகள் சுமையாவின் அட்டவணை ஒட்டியிருந்தது. ஐந்து வண்ணம், ஏழு நாள், நாளுக்கு எட்டுக் கட்டம். ஒரு வேலையை முடித்ததும் அந்தக் கட்டத்தில் அவள் ஒரு டிக் போட வேண்டும். புதன்கிழமைக் கட்டங்கள் எல்லாவற்றிலும் டிக் இருந்தது. மனசு குளிர்ந்தது. வியாழக்கிழமையிலும் டிக் இருந்தது. வெள்ளியிலும் இருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் செய்ய வேண்டிய கணக்கைச் செய்து முடித்திருந்தாள். சாயங்காலம் பள்ளிக்கூடப் பையைச் சுத்தம் செய்து வைத்துவிட்டிருந்தாள்.

“சுமையா! இங்க வாளா.”

பதினோரு வயசுப் பெண், ஆறாம் வகுப்பு. ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு வந்து நின்றாள்.

“இன்னைக்கு என்ன கிழம?”

“வெட்னெஸ்டே.”

“சனிக்கிழம பண்ண வேண்டிய கணக்க இன்னைக்கே எப்பிடி முடிச்ச?”

“முடிக்கல உம்மா. டிக் மட்டும்தான் போட்டேன்.” முகத்தில் திருட்டுத்தனமே இல்லை. “ஸண்டே உக்காந்து ஃபுல் வீக்குக்கும் ஒரேயடியா போட்டுருவேன். டெய்லி போட்டா டைம் வேஸ்ட்ல்ல?”

நேரத்தை மிச்சப்படுத்தக் கற்றுக்கொடுக்கத்தான் அந்த அட்டவணையை ஒட்டினேன். கற்றுக்கொண்டுவிட்டாள்.

கல்யாணமான ஆறாம் வகுப்பு

அந்த அட்டவணை எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். தைரியமாகச் சொல்லலாம். சுமையாவுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இந்தத் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விடும்.

அவள் தொலைத்த பொருட்களை வைத்து ஒரு கடை போடலாம். தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் மூடி, காம்பஸ், ரெயின்கோட். ஒருநாள் ஒற்றை ஷூவைத் தொலைத்துவிட்டு வந்தாள். இரண்டையும் தொலைத்திருந்தால் யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒற்றை ஷூவை எவள் எடுப்பாள்? மிச்ச ஷூவோடு ஒரு பெண் எப்படிப் பேருந்தில் ஏறி வருவாள்? இரண்டு கேள்விக்கும் இன்றுவரை பதில் இல்லை.

வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, “ஷி இஸ் நாட் ஆர்கனைஸ்டு” என்றார். நோயின் பெயரைச் சொல்லிவிட்டு மருந்தைச் சொல்லாமல் எழுந்து போகும் டாக்டர் மாதிரி, அதோடு அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டுவிட்டார்.

மருந்து இருக்கிறது என்று நம்புகிறவர்கள் வேறொரு இடத்தில் இருந்தார்கள். வகுப்பின் தாய்மார்கள் வாட்ஸாப் குழு. “நாளைக்கு ஜாக்ரஃபி மேப் உண்டா?” “சயின்ஸ் பதினாலாம் பக்கம் யாராவது போட்டோ அனுப்புங்கள், பிளீஸ்.” “என் மகன் டைரியில் எழுதவில்லை, டீச்சர் என்ன சொன்னார்?” காலையில் கண் விழிப்பதற்குள் நூறு செய்தி வந்திருக்கும். அந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கல்யாணமாகியிருந்தது. பிள்ளைகள் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். நாளைக்கு என்ன வேண்டும் என்று எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? அதற்குத்தான் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே.

நானும் அந்த வகுப்பில் நல்ல மாணவிதான். யாராவது போட்டோ கேட்டால் ஒரு நிமிஷத்துக்குள் அனுப்பிவிடுவேன்.

மாட்டுங்காவில் ஒரு மருந்துக்கடை

அந்தக் குழுவில்தான் வசந்தி மேடத்தின் பெயர் வந்தது. மாட்டுங்காவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில், பிள்ளைகளுக்கு நேர நிர்வாகம் கற்றுக்கொடுப்பது எப்படி என்று பெற்றோருக்கு வகுப்பு எடுக்கிறார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. நான் பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் உட்கார்ந்தேன். மேடம் பத்தே முக்காலுக்கு வந்தார்.

பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு பெரிய பன்னாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று அவரே நான்கு முறை சொன்னார். பளபளவென்று லேமினேட் செய்த அட்டவணையைத் தூக்கிக் காட்டினார்.

“கொழந்தைக்கு ஒரு சிஸ்டம் வேணும். புரியறதா? சிஸ்டம் இல்லேன்னா சின்சியாரிட்டி வராது. படிப்புக்கு நீலம், விளையாட்டுக்குப் பச்சை, ஸெல்ஃப் கேருக்கு மஞ்சள்.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். முகத்தைப் பார்த்தாலே பிள்ளையால் அடிபட்டவர் என்று தெரிந்தது. “மேடம், என் பையன் இந்தச் சார்ட்டையே தொலைச்சுடறான். என்ன பண்றது?”

“அதுக்குத்தான் லேமினேட் பண்ணச் சொல்றேன்.”

பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய நேர நிர்வாக வகுப்பு ஒன்றே காலுக்கு முடிந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் அட்டவணை வாங்க வரிசையில் நின்றோம். வாய் கிழியப் பேசுகிற நானும் நின்றேன். தொங்கவிட ஒரு நூலும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்துப் பொய்

இந்த இடத்தில் என் மாமியார் வகையறாவும், ஆபீஸில் என்னைவிட மூத்தவர்களும் ஒரு பாட்டுப் பாடுவார்கள். “எங்க காலத்துல யாரு அட்டவண போட்டா? நாங்களா படிச்சோம், நாங்களா வந்தோம்.”

அதுவும் வடிகட்டின பொய். நான் தாராவியில் வளர்ந்தவள். வாப்பா தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கே எங்கள் நேரத்தை யாரும் நிர்வகிக்கவில்லை என்பது உண்மை. அதனால் நாங்கள் ஒழுங்காக இருந்தோம் என்பதுதான் பொய். என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பத்தாவதைத் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் அண்ணன் எட்டாவதில் நின்றான். அவன் நோட்டு எழுதுவதில்லை என்பது நின்ற பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. முழுகினவர்கள் பேச வருவதில்லை. கரையேறின நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, “எங்களுக்கெல்லாம் யாரும் நீச்சல் சொல்லிக்கொடுக்கலையே” என்று பெருமை பேசுகிறோம்.

அண்ணனைப் பற்றி இந்தப் பத்திரிகைத் தொடரில் வேறு சந்தர்ப்பத்தில் எழுதியிருக்கிறேன். அவன் ஞாபகம்தான் என்னை மாட்டுங்கா வரைக்கும் துரத்தியது என்பதை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒற்றை ஷூவோடு வாசலில் நின்ற என் மகளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது.

பச்சைக் கட்டங்கள்

மறுபடியும் அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டு, பொய் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று பத்து நிமிஷம் பேசினேன். சுமையா பொறுமையாகக் கேட்டாள். பிறகு உண்மையாகவே புரியாத குரலில் கேட்டாள்.

“நீயும் அப்பிடித்தான உம்மா பண்ணுத?”

“நான் என்னளா பண்ணுதேன்?”

“வீட்ல இருந்து வேல பாக்கும்போது பாத்துருக்கேன். ஃப்ரைடே ஈவினிங் லேப்டாப்ல எல்லா பாக்ஸையும் கிரீன் ஆக்குவியே. அன்னிக்கு போன்ல ஒரு அங்கிள்ட்ட சொன்ன, ‘வேல முடியாட்டாலும் பரவால்ல, மண்டே ரிவ்யூக்கு கிரீன் பண்ணி விடுங்க’ன்னு.”

என் உத்தியோகம் ப்ராஜெக்ட் மேனேஜர். முப்பது பேர் எந்த வேலையை எந்த நாளில் முடிப்பார்கள் என்று கட்டம் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வேலை முடிந்தால் பச்சையாக வேண்டிய அந்தக் கட்டங்களின் யோக்கியதை எனக்குத் தெரியும். என் மேலதிகாரிக்கும் தெரியும். அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். என் மகளுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளையாகப் போன் அடித்தது. நல்லவேளை என்று நினைத்தது அரை நிமிஷத்துக்குத்தான்.

ஸ்ருஷ்டியின் அம்மா பேசினார். ஸ்ருஷ்டி மராத்திக்காரப் பெண், சுமையாவின் ஒரே சிநேகிதி. அந்த அம்மா இந்தியில், சத்தம் போடாமல் பேசினார். அதுதான் அதிகம் சுட்டது. அறிவியல் வகுப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீர் வடிகட்டி ஒன்று செய்துகொண்டு போக வேண்டும். பாட்டிலை வெட்டித் தயாராக்கி, படம் வரைந்து, விளக்கம் எழுதுவது ஸ்ருஷ்டியின் பங்கு. உள்ளே போட மணல், ஜல்லி, கரி கொண்டுவருவது சுமையாவின் பங்கு. ஸ்ருஷ்டி வெறும் பாட்டிலோடு போய் வகுப்பின் முன்னால் நின்றிருக்கிறாள். “உங்கள் மகளை நம்பினதற்கு என் மகள் இன்றைக்கு அழுதுகொண்டு வந்தாள். திங்கள்கிழமை வரை டீச்சர் நேரம் கொடுத்திருக்கிறார். இனிமேல் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அட்டவணையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, ஆறிலிருந்து ஆறரை: புராஜெக்ட். நீல மசியில் அழகான டிக்.

திரும்பிப் பார்த்தால் சுமையா சோபாவின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அவ பெஞ்ச மாத்திட்டா உம்மா. ஆஃப்டர்நூன்லேருந்து தன்வி பக்கத்துல உக்காந்துட்டா.”

சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

முப்பது நிமிஷம் என்றால் என்ன

உடனே நான் செய்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? போனை எடுத்து, பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து கொடுக்கிற ஆப்பைத் திறந்தேன். அடுப்புக்கரி இருந்தது. மீன் தொட்டிக்குப் போடுகிற கூழாங்கல் இருந்தது. எல்லாவற்றையும் கூடையில் போட்டு, பணம் கட்டப் போகிற இடத்தில் நின்றேன். நியாயம் தோன்றி நிற்கவில்லை. மணல் எதில் கிடைக்கும் என்று யோசிக்க நின்றேன். அந்த இடைவெளியில்தான், கொஞ்சம் தாமதமாக, எனக்கு வெட்கம் வந்தது.

போனைக் கவிழ்த்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“செவ்வாக்கிழம புராஜெக்டுன்னு போட்டிருந்துச்சே. அந்த அர மணி நேரத்துல நீ என்ன பண்ணணும்?”

“புராஜெக்ட் பண்ணணும்.”

“புராஜெக்டுன்னா என்ன? முதல்ல எத எடுப்ப?”

முழித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தை எழுதிய எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு கட்டத்தில் ஒரு வார்த்தையை எழுதி, அதற்கு நீல வண்ணம் அடித்து, முப்பது நிமிஷம் என்று போட்டுவிட்டால் வேலை தானாக நடந்துவிடும் என்று ஒரு பன்னாட்டுக் கம்பெனிக்காரியும் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜரும் நம்பியிருக்கிறோம். பதினோரு வயசுப் பெண் மட்டும்தான் அதை நம்பாமல் டிக் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறாள்.

ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்து அவளிடமே கொடுத்தேன். மணல் எங்கே கிடைக்கும்? பக்கத்துக் கட்டிடத்தில் வேலை நடக்கிறது, வாட்ச்மேனிடம் கேட்கலாம். அப்படியே போடலாமா? கழுவ வேண்டும். கழுவ எவ்வளவு நேரமாகும்?

“அஞ்சு நிமிஷம்.”

“சரி. எழுது.”

கரி? கீழே இஸ்திரி போடுகிற இந்திக்கார அண்ணன், எங்கள் எல்லோருக்கும் ‘பையா’, அவரிடம் இருக்கும். இதையும் எழுதினாள். ஐந்து நிமிஷம். ஜல்லி பொறுக்க ஐந்து நிமிஷம். உலகத்தில் எல்லா வேலைக்கும் ஐந்து நிமிஷம்தான்.

அன்று சாயங்காலமே ஒரு டப்பாவில் மணல் கொண்டுவந்தாள். எங்கள் சொசைட்டிக் குடியிருப்பில் சாயங்காலத் தண்ணீர் எட்டு மணியோடு நின்றுவிடும். ஏழு மணிக்குக் கழுவ ஆரம்பித்தாள். கலங்கல் போகப் போக இன்னும் கலங்கல் வந்தது. பக்கெட்டில் கை விட்டு அளைந்து, ஊற்றி, மறுபடி பிடித்து, எட்டாவது தண்ணீரில்தான் தெளிந்தது. குழாய் நிற்கவும் அவள் எழுந்திருக்கவும் சரியாக இருந்தது. காகிதத்தில் ‘5’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘60’ என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்த எண்ணையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள்.

இஸ்திரி பையா கரி தருகிறேன் என்றார். ஆனால் காலையில் ஏழரைக்கு முன்னால் வரவேண்டும், எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பற்ற வைத்துவிட்டால் மிச்சமிருக்காது என்றார்.

வாயை மூடிக்கொண்டு நிற்பது

வியாழக்கிழமை காலை. ஏழு மணி, ஏழேகால். சுமையா தலை பின்னிக்கொண்டாள், பால் குடித்தாள், பூனை வீடியோ பற்றிப் பேசினாள். நான் சப்பாத்தி போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ‘கரி’ என்ற இரண்டெழுத்து என் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. வாழ்நாளில் இவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. ஏழரை. ஏழே முக்கால். பையை மாட்டிக்கொண்டு, “பை உம்மா” என்று ஓடிவிட்டாள்.

சாயங்காலம் படியேறும்போதே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பையா மறுபடியும், நாளைக் காலையில் வா என்று சொல்லியிருக்கிறார். மேலே வந்து அறைக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு அழுதாள்.

என் வீட்டுக்காரர் காதர், தாராவிப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“காலைல ஒனக்கு ஞாவம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“இருந்துமா சொல்லல? பாத்துக்கிட்டே நின்னியா? ஏளா, நீ பெத்த புள்ளதான அது?”

“இவ்வளவு நாளும் சொல்லிக்கிட்டுத்தான இருந்தேன் மச்சான். அதான் இந்த லட்சணத்துல நிக்குது.”

“அந்த மராட்டிப் புள்ள பேசலன்னா ஒன் தியரிய வச்சு என்ன பண்ணுவ?”

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்றுதான் அன்று இரவு முழுக்கத் தோன்றியது. மகளுடைய ஒரே சிநேகிதத்தை வைத்துப் பரிசோதனை செய்ய நான் யார்? அவர் எழுந்து, “நானே போயி வாங்கியாரேன்” என்று செருப்பை மாட்டினார். அறைக் கதவு திறந்தது.

“வேண்டாம் வாப்பா. நாளைக்கு நானே போவேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைக்குப் போய், ஒரு காலி பிளாஸ்டிக் பையைத் தேடி எடுத்துவந்தாள். வாசல் கதவின் தாழ்ப்பாளில் அதை இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டினாள். “இத அவுக்காம கதவு திறக்காது. அப்ப ஞாபகம் வரும்.”

வசந்தி மேடத்தின் ஐந்து வண்ணத்திலும் இப்படி ஒரு யோசனை இல்லை. வெள்ளிக்கிழமை காலை அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் நகத்தை ஒடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தை மாதிரி எதையோ முனகிவிட்டு, அவிழ்த்து அதே பையில் கரியை வாங்கி வந்தாள். கையெல்லாம் கருப்பு. சீருடையிலும் ஒரு கோடு.

பழுப்புத் தண்ணீர்

சனிக்கிழமை காலை ஸ்ருஷ்டியைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நான் அவள் அம்மாவிடம் பேசுகிறேன் என்றேன். அதுவும் வேண்டாம் என்றாள். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தியில் பாதிப் பாதியாகக் காதில் விழுந்தது. “தப்பு என்னுடையதுதான்... இல்லை, இப்போது எல்லாம் இருக்கிறது... மணலை நானே கழுவினேன்... எட்டு தடவை.” பிறகு நீண்ட நேரம் அந்தப் பக்கம் பேசியது. இவள் ‘ம், ம்’ என்று கேட்டுக்கொண்டாள்.

மத்தியானம் ஸ்ருஷ்டி வந்தாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் வந்தாள். வந்ததும் மணலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் பாட்டிலைக் கவிழ்த்து, பஞ்சு, கரி, மணல், ஜல்லி என்று அடுக்கினார்கள். ஒருமுறை எல்லாம் சரிந்து தரையில் கொட்டியது. அதைக் கூட்டி அள்ளும்போதுதான் முதல்முறையாக இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

திங்கள்கிழமை முடிவு வந்தது. இவர்களுடைய வடிகட்டியில் ஊற்றிய சேற்றுத் தண்ணீர் இளம்பழுப்பாக வெளியே வந்தது. பத்துக்கு ஆறு மதிப்பெண். ஓர் ஆர்க்கிடெக்ட் அப்பா கண்ணாடியில் செய்து, விளக்கெல்லாம் எரியவிட்டு அனுப்பிய வடிகட்டிக்குப் பத்து. அதில் தண்ணீரே ஊற்றவில்லையாம், உடைந்துவிடும் என்று. வாட்ஸாப் குழுவில் அந்தக் கண்ணாடி வடிகட்டியின் படம் வந்தது. தாய்மார்கள் கைதட்டினார்கள். “வாட் எ டாலன்டெட் பாய்!” என்று எழுதினார்கள்.

ஸ்ருஷ்டி உடனே பழைய பெஞ்சுக்கு வந்துவிடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் சேர்ந்து உட்கார்ந்தாளாம். அதைச் சொல்லும்போது சுமையாவின் குரலில் பத்துக்குப் பத்து இருந்தது.

அவள் திருந்திவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே வாரத்தில் ஒரு புதுக் குடையைத் தொலைத்தாள். அடுத்த வாரம் வேறொருத்தியின் கணக்கு நோட்டைத் தன்னுடையது என்று தூக்கிக்கொண்டு வந்தாள். நானும் திருந்தவில்லை. ‘ஞாபகம் இருக்கா’ என்ற கேள்வியை நாளைக்குப் பத்துத் தடவையாவது விழுங்குகிறேன், மூன்று தடவை கேட்டும்விடுகிறேன்.

ஆனால் அந்தத் திங்கள்கிழமை சாயங்காலம் ஒன்று நடந்தது. பசியோடு வந்து சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். மேஜையில் வரலாற்றுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு நேரமாகும்ளா?”

வழக்கமான ‘அஞ்சு நிமிஷ’த்தைச் சொல்ல வாயெடுத்தவள், நிறுத்தினாள். எழுதி முடித்த பக்கத்தைப் பார்த்தாள். மிச்சமிருந்த பக்கங்களைக் கட்டை விரலால் புரட்டி எண்ணினாள். உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள்.

“நாப்பது நிமிஷம். ஒனக்குப் பசிச்சா நீ சாப்பிடு உம்மா.”

முப்பது பேருக்கு நாள் குறிக்கிற நான், என் மகள் குறித்துக் கொடுத்த நேரத்துக்குக் கட்டுப்பட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.